சென்சாரை வாங்கும் முன் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள்: ஓ2 சென்சார் ஹீட்டர் பழுதுக்கு முழுமையான வழிகாட்டி

போன வாடைக்காலத்தில் தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் தன் பெட்ரோல் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பின்சீட்டை மடித்துவிட்டு, ஐஸ் பெட்டிகளில் நண்டும் மீனும் ஏற்றி ராமநாதபுரம் வரை ஓட்டுகிற வண்டி. டேஷ்போர்டில் மஞ்சளாகச் செக் எஞ்சின் விளக்கு. "அண்ணே, சென்சார் மாத்தி ரெண்டு மாசந்தான் ஆச்சு. மறுபடியும் அதே லைட்டு" என்றார். ஸ்கேனரைப் போட்டால் பி0141 என்ற கோளாறுக் குறியீடு, பட்டறைப் பேச்சில் கோடு (code). சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற ஓ2 சென்சாரின் ஹீட்டர் சுற்று.

ஹீட்டரை அளந்தேன். ஆறு ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது, நல்ல ஹீட்டர். பிறகு வண்டிப் பக்கத்துக் கப்ளரை, அதாவது சென்சார் வயரும் வண்டி வயரும் சேரும் பிளாஸ்டிக் இணைப்பை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். நான்கு பின்களில் ஒன்றைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தில் பூக்குமே, அதே பச்சை. ஊசி முனையால் லேசாகத் தொட்டதும் பின் ஒடிந்து வந்துவிட்டது. தரை விரிப்பைத் தூக்கினால், ஐஸ் உருகிய தண்ணீர் வயர் இறங்குகிற ஓட்டை வழியே சொட்டுச் சொட்டாக அந்தக் கப்ளர் மேலேயே இறங்கிய உப்புத் தடம். முன்பு கழற்றிப் போட்ட பழைய சென்சாரும் நன்றாகத்தான் இருந்திருக்கும். பாவம், சில ஆயிரம் ரூபாய் வீண்.

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி என்று சாயல்குடி வரைக்கும் நம் கரையில் ஓடுகிற வண்டிகளுக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்கேனர் சொல்வது எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டும்தான். அந்தச் சுற்றில் ஃபியூஸ், ரிலே, வயர், கப்ளர், சென்சார், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு எல்லாமே இருக்கின்றன. உப்புக்காற்று இவற்றில் முதலில் தின்பது கப்ளரையும் வயரையும்தான். சென்சாரின் மேல் பழி போடுவதற்கு முன் அதற்கு வருகிற கரண்டைப் பார்க்க வேண்டும்.

ஹீட்டர் எதற்கு இருக்கிறது

ஓ2 சென்சார், ஆக்சிஜன் சென்சார், லாம்ப்டா சென்சார் எல்லாம் ஒன்றுதான். சைலன்சர் குழாயில் திருகி நிற்கும். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டு ஒரு சின்ன மின்னழுத்தம் தரும். பெட்ரோல் அதிகமாகப் போனால் சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமானால் சுமார் 0.1 வோல்ட். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் இசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறது.

சென்சாருக்குள் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது பேசவே தொடங்கும். 1976-ல் பாஷ் நிறுவனத்தின் சென்சார் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தபோது உள்ளே ஹீட்டர் கிடையாது, புகையின் சூட்டையே நம்பியிருந்தது. ஹீட்டர் வைத்த சென்சார் 1982-ல் வந்தது. இப்போது ஓடுகிற பெட்ரோல் வண்டிகளில் இருப்பது அந்த வகைதான். எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் சென்சாரைச் சூடாக்கிவிடும். ஐடிலில் நெடுநேரம் நின்றாலும் ஆறவிடாது.

ஹீட்டர் செத்துப்போனால் வண்டி நின்றுவிடாது. அதனால்தான் பலர் மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சென்சாரிடமிருந்து தகவல் வராமல் இசியு மனக்கணக்காகவே பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். மதுரைக்கும் ராமேசுவரத்துக்கும் ஓடுகிற வண்டியில் புகைச் சூடே சென்சாரைச் சூடாக்கிவிடுவதால் இது அவ்வளவாகத் தெரியாது. கீழக்கரைத் தெருக்களுக்குள் அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று போய் நிற்கிற வண்டியில்தான் மைலேஜ் குறைவது தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகையில் பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கும். அப்படியே வருடக்கணக்கில் விட்டால், ஓ2 சென்சாரைவிடப் பல மடங்கு விலையுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடும்.

பின் சென்சாரின் ஹீட்டர் போனால் மைலேஜில் பெரிய மாற்றம் இருக்காது. அதன் வேலை கன்வெர்ட்டரைக் கண்காணிப்பது. அதற்காக விட்டுவிடலாம் என்று சொல்லமாட்டேன். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், நாளைக்கு வேறொரு பெரிய கோளாறு வரும்போது உங்களுக்குச் சொல்ல அந்த விளக்குக்கு வழியில்லாமல் போகும்.

கோடுகளைப் படிப்பது

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைப் போடுங்கள். போனோடு புளூடூத்தில் சேரும் சின்ன ஸ்கேனரே இதற்குப் போதும். பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் வண்டிகளில் ஹீட்டர் சம்பந்தமாக வருகிற கோடுகள் பெரும்பாலும் இவைதான்.

பி0135, பி0030, பி0031, பி0032 வந்தால் முன் சென்சார், அதாவது கன்வெர்ட்டருக்கு முன்னால் எஞ்சினை ஒட்டி இருப்பது. பி0141, பி0036, பி0037, பி0038 வந்தால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது. 31, 37 என்று முடிபவை மின்னழுத்தம் குறைவு என்று சொல்கின்றன. பொதுவாகச் சுற்று எங்கோ அறுந்திருக்கும், அல்லது ஹீட்டரிலிருந்து இசியுவுக்குப் போகிற கட்டுப்பாட்டு வயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கும். 32, 38 மின்னழுத்தம் அதிகம் என்கின்றன. ஹீட்டர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது அந்த வயர் வேறொரு பிளஸ் வயரோடு ஒட்டியிருக்கலாம். மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிகளில் பேங்க் 1, அதாவது ஒரே சிலிண்டர் வரிசை மட்டும்தான் உண்டு. வி6 போன்ற பெரிய எஞ்சின் என்றால் பேங்க் 2-க்குத் தனிக் கோடுகள் வரும்.

இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். முன் சென்சாருக்கும் பின் சென்சாருக்கும் ஒரே நாளில் ஹீட்டர் கோடு வந்திருந்தால், இரண்டு சென்சாரும் சேர்ந்து சாவது மிக மிக அரிது. இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே, சப்ளை வயர், அவற்றில் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

கோடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் ஒரு பக்கம் இருக்கும். கோளாறு பதிவான நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதில் கிடைக்கும். அதையும் பார்த்துவிட்டுத்தான் அழிக்க வேண்டும்.

தேவையானவை

மல்டிமீட்டர், ஸ்கேனர், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று, அவற்றுக்கு இரண்டு வயரும் முதலைக் கிளிப்பும். சென்சாரைக் கழற்ற 22 மில்லிமீட்டர் ஸ்பானர் அல்லது வயர் வெளியே வர ஓரத்தில் வெட்டுவிட்ட ஓ2 சென்சார் சாக்கெட். துரு இளக்கும் எண்ணெய். அப்புறம் ஒரு டார்ச். இந்த வேலையில் கண்ணுக்குத்தான் அதிக வேலை.

வண்டிக்குக் கீழே போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். கடற்கரை மணலில் ஜாக்கி வைக்கவே கூடாது, சாய்ந்துவிடும். சைலன்சர் ஆறுவதற்கு ஒரு மணி நேரமாவது விடுங்கள். எஞ்சினை ஓட்டிப் பார்க்கிற சோதனைகளை மூடிய ஷெட்டுக்குள் செய்யாதீர்கள். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

படி 1: பேட்டரி, ஃபியூஸ்

எஞ்சின் நிற்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். பேட்டரி மைனஸ் கேபிள் பாடியில் முடுக்கியிருக்கும் போல்ட்டையும் பாருங்கள். நம் பக்கம் அது துருப்பிடித்துப் பொரிந்து கிடப்பது சாதாரணம். கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கினால் சில கோடுகள் அதோடு போய்விடும்.

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ கையேட்டிலோ ஓ2 ஹீட்டருக்கான ஃபியூஸ் எது என்று இருக்கும். பல வண்டிகளில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றே ஹீட்டருக்கும் வேறு சில வால்வுகளுக்கும் சேர்ந்து இருக்கும். கழற்றிக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் மீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். ஃபியூஸின் கால்களிலும் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் எரிந்திருந்தால் புதியதைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். காரணமில்லாமல் அது எரியாது. சென்சார் வயரைப் பிடித்துக்கொண்டே போய், அது சைலன்சரைத் தொடுகிற இடம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது முன்பு சென்சார் மாற்றியபோது வயரைக் கிளிப்பில் மாட்டாமல் விட்டிருந்தால், அது தொங்கி, உருகி, உள்ளே இருக்கிற செம்பு குழாயில் பட்டிருக்கும். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது, வெள்ளித்தாள் சுற்றுவது எல்லாம் வண்டிக்குத் தீ வைக்கிற வேலை.

படி 2: கப்ளரையும் வயரையும் பார்ப்பது

சாவியை ஆஃப் செய்துவிட்டுக் கப்ளரைப் பிரியுங்கள். பூட்டு நாக்கு வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும். மெதுவாக அழுத்தி எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

டார்ச் அடித்து இரண்டு பாதியையும் பாருங்கள். பச்சை என்றால் செம்பு அரித்திருக்கிறது. வெள்ளைப் பொரி என்றால் உப்பு. பின் ஒன்று மட்டும் கறுத்து, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால், அந்த இடத்தில் பிடிமானம் தளர்ந்து சூடாகியிருக்கிறது. பின் பின்னால் தள்ளிப் போயிருக்கிறதா, ரப்பர் சீல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சீல் இல்லாத கப்ளரை எவ்வளவு சுத்தம் செய்தாலும் அடுத்த மழைக்குள் திரும்பி வரும்.

பிறகு வயர். இதில் கண் ஏமாறும். மேலே தோல் நன்றாக இருக்கும். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருக்கும். கப்ளருக்குள் புகுந்த உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரி எண்ணெய் உறிஞ்சுவது போல ஏறிக்கொண்டே போகும். வயரை விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். நல்ல வயர் வளைந்து நிமிரும். அரித்த வயர் உள்ளே நறநறவென்று இருக்கும், அல்லது ஓரிடத்தில் மட்டும் துணி போலத் தொய்யும். எலி கடித்திருக்கவும் வாய்ப்புண்டு. மீன் வாடை அடிக்கிற வண்டியைத் தேடி எலி வரும்.

அரிச்சல்முனைக்கு 2017-ல் தார்ச்சாலை திறந்த பிறகு அங்கே போய்வருகிற வண்டிகள் பெருகிவிட்டன. வாடை வீசும் நாட்களில் இருபக்கமும் கடல் தெறிக்க மணிக்கணக்காக நின்றுவிட்டு வருகிற வண்டியைக் கீழே படுத்துப் பாருங்கள், சைலன்சர் கிளாம்பு முதல் கப்ளர் வரை மாவு தெளித்தது போல் இருக்கும்.

படி 3: ஹீட்டரை அளப்பது

நான்கு வயர் சென்சாரில் ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டு வயர்கள்தான் பொதுவாக ஹீட்டர். பல சென்சார்களில் இரண்டும் வெள்ளை, சிலவற்றில் இரண்டும் கறுப்பு. வண்டிப் பக்கத்தில் நிறம் மாறிவிடும். அங்கே நிறத்தைப் பார்க்காமல், இந்த இரண்டுக்கும் நேரெதிரே வருகிற பின்களை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை ஓமில் வைத்து முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.2, 0.3 என்று எதையாவது காட்டும். அது மீட்டர் வயரின் தடை. பின்னால் கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு சென்சார் ஆறிய நிலையில் ஹீட்டர் பின்கள் இரண்டுக்கும் நடுவே அளவுங்கள். நான்கு வயர் சென்சாரில் பெரும்பாலும் 3 முதல் 15 ஓமுக்குள் வரும். உங்கள் வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சூடாக இருந்தால் தடை கூடும், ஆகவே ஆறவைத்து அளப்பது முக்கியம். ஐந்து அல்லது ஆறு வயர் உள்ள வைட்பேண்டு சென்சாரில் இன்னும் குறைவாக, 2 முதல் 4 ஓம் அளவில் இருக்கும்.

மீட்டர் அளவே காட்டாமல் ஓப்பன் என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. சென்சாரை மாற்ற வேண்டியதுதான். உள்ளே பிரித்துச் சரிசெய்ய வழியில்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் உள்ளே ஷார்ட். அப்புறம் ஒரு முனையை ஹீட்டர் பின்னிலும் இன்னொன்றைச் சென்சாரின் இரும்பு உடம்பிலும் வையுங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் அதுவும் போன சென்சார்தான்.

ஒருவர் சொல்லிக் கேட்டு, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்து ஹீட்டர் சிவக்கிறதா என்று பார்க்காதீர்கள். வைட்பேண்டு சென்சார் அதிலேயே பாழாகும்.

படி 4: சுமை வைத்துப் பார்ப்பது

ஹீட்டர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கோடு வருகிறது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தங்கச்சிமடத்து வண்டியில் முதல் முறை சென்சார் மாற்றியவர்களும் இங்கேதான் தவறியிருப்பார்கள்.

சுற்று எப்படி என்றால், பெரும்பாலான வண்டிகளில் ஹீட்டரின் ஒரு பக்கத்துக்கு ரிலே, ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பிளஸ் சாவியை ஆன் செய்ததும் வந்து நிற்கும். மறுபக்கத்தை இசியு எர்த்தோடு சேர்த்துச் சேர்த்து விட்டு ஹீட்டரை ஓட்டும். ஆகவே சாவியை ஆன் செய்து, வண்டிப் பக்கத்துச் சப்ளை பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்தால் 12 வோல்ட் வர வேண்டும். சில வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் வரும்.

ஆனால் மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை நம்பிவிடக் கூடாது. மீட்டர் இழுக்கிற கரண்ட் ஒன்றுமே இல்லை. வயருக்குள் முப்பது இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் நிம்மதியாக 12 காட்டும். ஹீட்டருக்கு வேண்டியதோ ஒன்றிலிருந்து இரண்டு ஆம்பியர். அந்த ஒற்றை இழை வழியே அது சரியாகப் போகாது.

அதனால் 21 வாட் பல்பை எடுங்கள். அது இழுப்பது ஏறக்குறைய 1.75 ஆம்பியர், ஹீட்டர் இழுக்கிற அளவுதான். ஒரு முனையைச் சப்ளை பின்னிலும் மறுமுனையைப் பேட்டரி மைனஸிலும் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். அது எரிந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பின்னில் மின்னழுத்தத்தை அளவுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ அரிப்பு. தேவிபட்டினத்து வண்டி ஒன்றில் பல்பு இல்லாமல் 12.3 காட்டிய பின், பல்பை வைத்ததும் 7-க்கு இறங்கியது. பல்பு மங்கலாகச் சிவந்து நின்றது, அவ்வளவுதான். ஃபியூஸ் பெட்டிக்கு அடியில் வயர் நுழையும் இடத்தில் செம்பு கரைந்து போயிருந்தது. பல்பு இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அரிப்பு எங்கே என்று தேட, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸில் வைத்து, மறுமுனையை ஃபியூஸின் முன்கால், பின்கால், ரிலே, வழியிலுள்ள கப்ளர் என்று வரிசையாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் மீட்டர் எண் துள்ளி ஏறுகிறதோ, கோளாறு அங்கேதான்.

பிளஸ் பக்கம் சரி என்றால் இசியு பக்கம். இதற்கு 5 வாட் பல்பு போதும். பெரிய பல்பை வைத்து இசியுவைச் சிரமப்படுத்த வேண்டாம். கோடுகளை முதலில் அழியுங்கள். அழிக்காவிட்டால் பல இசியுக்கள் கோளாறு பதிவான ஹீட்டரை ஓட்டாமல் நிறுத்திவைத்திருக்கும், நீங்கள் இசியு போய்விட்டது என்று தவறாக முடிவுகட்டிவிடுவீர்கள். பிறகு ஹீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், வண்டிப் பக்கத்து இரண்டு பின்களுக்கும் நடுவே பல்பை மாட்டி, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பல்பு எரிந்தாலோ துடித்தாலோ சுற்று முழுவதும் வேலை செய்கிறது. சில வண்டிகளில், குழாய்க்குள் படிந்த நீர்த்துளி உலரும் வரை இசியு காத்திருந்து விட்டுத்தான் ஹீட்டரை ஓட்டும். ஆகவே கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

எரியவே இல்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, இசியு கப்ளரைப் பிரித்து, கட்டுப்பாட்டு வயரின் இரு முனைக்கும் தொடர்ச்சி பாருங்கள். ஒரு ஓமுக்குள் வர வேண்டும். பாடிக்கும் அந்த வயருக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இதெல்லாம் சரி, இசியுவின் எர்த்தும் சரி என்றான பிறகுதான் இசியுவைச் சந்தேகிக்க வேண்டும். என் அனுபவத்தில் அதுவரை போக வேண்டி வந்தது அபூர்வம்.

படி 5: வயரையும் கப்ளரையும் சரிசெய்வது

அரித்த வயரைப் பச்சை தெரியாத இடம் வரை வெட்டுங்கள். இரக்கம் பார்க்க வேண்டாம். இழைகள் புது ஊசி போல மின்னுகிற இடம் வந்த பிறகுதான் ஒட்டு. அதே தடிமனுள்ள, சூடு தாங்கும் ஆட்டோ வயர் போடுங்கள். கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் வயர்களை வைத்து நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடு காட்டி மேலே சுருக்குங்கள். இரண்டு வயரிலும் ஒரே இடத்தில் ஒட்டு வராமல் முன்பின்னாக வையுங்கள். முறுக்கிவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் கரையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

சென்சாரிலிருந்து வருகிற வயர்களில் சால்டர் வைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை அந்த வயரின் இழைகளுக்கு நடுவேதான் உறிஞ்சுகின்றன. ஈயம் ஊற்றினால் அந்த மூச்சு அடைபடும். இதே காரணத்துக்காகத்தான் ஓ2 சென்சாரின் கப்ளருக்குள் கிரீஸ் தடவுவதையும் துரு எண்ணெய் அடிப்பதையும் நான் கடுமையாகத் தடுக்கிறேன். உப்பு ஏறாமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு தடவுவார்கள். ஆவி உள்ளே போய்ச் சென்சார் தப்பாக அளக்கும். சென்சார் பக்கத்துப் பின்னை உலர்ந்த சின்னப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். வண்டிப் பக்கத்துக்கு மட்டும் எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பின் அரித்திருந்தால் அந்தப் பின்னை மட்டும் மாற்றலாம். சீல் போயிருந்தால் கப்ளரையே மாற்றுவது நல்லது. மாட்டும்போது வயர் கப்ளருக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலே ஏறுமாறு விடுங்கள். வயர் வழியே வருகிற தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது. சைலன்சருக்கு அருகே போகிற இடத்தில் கண்ணாடி நார் உறை போட்டு, கிளிப்பில் மாட்டுங்கள்.

படி 6: சென்சாரையே மாற்ற வேண்டியிருந்தால்

பார்ட் நம்பரைச் சரிபார்த்து அதே வகையை வாங்குங்கள். முன் சென்சாரும் பின் சென்சாரும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பல வண்டிகளில் வேறுவேறு. எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று கப்ளர் இல்லாமல் விற்பதை வாங்கினால் நீங்களே ஒட்டு போட வேண்டும். அந்த ஒட்டு உப்புக்கு இன்னொரு வாசல்.

பழையதைக் கழற்றுவது நம் ஊரில் தனி வேலை. துரு அப்படிப் பிடித்திருக்கும். முந்தின நாள் இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, குழாய் வெதுவெதுப்பானதும் கையுறை போட்டுக்கொண்டு முயலுங்கள். கொஞ்சம் இளகினால் உடனே முழுக்கத் திருகாமல், அரைச்சுற்று விட்டு, திரும்ப உள்ளே திருகி, எண்ணெய் விட்டு, மறுபடி வெளியே. அவசரப்பட்டால் குழாயில் இருக்கிற மரை கிழிந்து சென்சாரோடு வரும். மரையில் துரு இருந்தால் 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் டேப்பால் சுத்தம் செய்யுங்கள். பெரும்பாலான சென்சார்களுக்கு அதுதான் அளவு.

புதுச் சென்சாரின் மரையில் பெரும்பாலும் பிடிக்காமல் இருக்கும் பசை தடவியே வரும். இல்லையென்றால் சூடு தாங்கும் ஆன்டி சீஸ் பசையை மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். ஓட்டைகள் உள்ள முனையில் ஒரு துளியும் படக் கூடாது. சாதாரண சிலிக்கான் சீலண்டு அந்தப் பக்கமே வர வேண்டாம். அதன் ஆவி சென்சாரைக் கொன்றுவிடும். கீழே விழுந்த சென்சாரையும் போடாதீர்கள், உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். முதலில் கையால் முழுக்கத் திருகிவிட்டு, பிறகு டார்க் ஸ்பானரில் மேனுவல் சொல்லும் அளவுக்கு முடுக்குங்கள். பல வண்டிகளில் அது 40 முதல் 45 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும்.

படி 7: சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

கோடுகளை அழித்துவிட்டு விளக்கு அணைந்ததும் வேலை முடிந்தது என்று வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். ஹீட்டர் சோதனையை இசியு பெரும்பாலும் குளிர்ந்த எஞ்சினில்தான் நடத்தும். வண்டியை இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நான்கு வயர் முன் சென்சாரின் மின்னழுத்தத்தை நேரலையில் பாருங்கள். முதலில் 0.45 வோல்ட் போல ஏதோ ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். ஹீட்டர் வேலை செய்தால் ஒரு நிமிடம் சுமாருக்குள் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஆடத் தொடங்கும். பல நிமிடம் அசையாமல் நின்று, வண்டியை ஓட்டிய பிறகுதான் ஆடுகிறது என்றால் ஹீட்டர் இன்னும் சூடாகவில்லை. பின் சென்சார் இப்படி வேகமாக ஆடாது. நல்ல கன்வெர்ட்டர் இருந்தால் ஓரளவு நிலையாகத்தான் நிற்கும். வைட்பேண்டுக்கும் இந்த எண்கள் பொருந்தாது.

பிறகு உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை சீரான வேகத்தில் போய்விட்டு வாருங்கள். இசியு தன் சோதனைகளை முடித்துவிட்டதா என்று காட்டுகிற ரெடினெஸ் பக்கம் ஸ்கேனரில் இருக்கும். அதில் ஓ2 ஹீட்டர் என்ற வரி முடிந்தது என்று காட்ட வேண்டும். பென்டிங் கோடு, அதாவது இன்னும் விளக்கைப் போடாமல் காத்திருக்கிற கோடு, இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகள் ஒரே கோளாறை அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் பார்த்த பிறகுதான் விளக்கைப் போடும். அதனால் இன்னொரு நாள் காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

தங்கச்சிமடத்துத் தம்பியின் வண்டியில் பின்னையும் ஒரு சாண் வயரையும் மாற்றினேன். தரை ஓட்டைக்குப் புது ரப்பர் வாஷர் போட்டு, ஐஸ் பெட்டிகளுக்குக் கீழே விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வைக்கச் சொன்னேன். சரக்கு இறக்கிய அன்றே, சைலன்சர் நன்றாக ஆறிய பிறகு, நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவச் சொன்னேன். சூட்டோடு தண்ணீர் அடித்தால் சென்சாரின் பீங்கான் வெடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கப்ளரைப் பிரித்துக் காட்ட வருகிறார். கடைசியாகப் பார்த்தபோது பின்கள் நான்கும் பளபளவென்று சுத்தமாகவே இருந்தன.